ஐயத்தின்மேற் போர் தொடுக்கலாமோ?

நமது கல்லூரி விவாத மன்றத்தில், சென்ற தவணையின் இறுதிக் கிழமையில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. ‘பேரழிவு ஆயுதங்களை மறைத்து வைத்திருக்கும் நாட்டின்மீது போர் தொடுத்தல் தகும்’ என்பது விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள். தலைமை தாங்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. அன்று பிற்பகல் மலைமுகடுகளை மூடிய பனி மண்டபத்துச் சாளரங்கள் வரை வந்து நின்றது. கூரைத் தகரத்தில் மழை ஓயாது பெய்தது. ஆயினும் மாணவர் குரல் மழையை வென்றது. ஈற்றிற் கையுயர்த்தி வாக்களித்தபோது, போர் தகும் என்ற கட்சியே பெரும்பான்மை பெற்றது.

தலைமை வகிப்போர் ஒரு பக்கஞ் சாய்ந்து பேசுதல் மன்ற மரபன்று. ஆகவே இரு கட்சியாரையும் பாராட்டி, நன்றி கூறி அமைந்தோம். ஆனால், வீடு சென்ற பின்னும் அம்முடிவு எம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் கேட்டபொழுது, அன்று சொல்லாது விட்டதை இங்குச் சொல்லிவிடுதல் நன்றெனத் துணிந்தோம். வாக்களித்த மாணவரைக் கடிந்துகொள்ளுதல் எம் நோக்கமன்று. அவர்தம் முடிவு பிழையென நாம் கருதுவதற்குரிய காரணங்களை அவர் முன்னும், பழைய மாணவர் முன்னும் வைத்தலே நோக்கமாகும்.

‘தேயிலை மலையில் வாழும் நமக்கு, எங்கோ நடக்கும் போரைப் பற்றிய பேச்சினால் ஆவதென்ன?’ என்று சிலர் வினவக்கூடும். 1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் நாள் ஈராக்குப் படைகள் குவைத்துட் புகுந்தபோது, அந்நாட்டில் ஏறத்தாழ ஓரிலக்கம் இலங்கையர் இருந்தனர். அவருட் பெரும்பாலார் வீட்டுப் பணிப்பெண்கள். உடுத்த உடையோடு பாலைநிலங் கடந்து யோர்தானை அடைந்தோர் பலர். இன்றும் நம் தோட்டங்களிலே, தாய் மேற்காசியாவில் உழைக்கப் பாட்டியின் கையில் வளரும் பிள்ளைகளைக் காண்கிறோம். ஈராக்கும் ஈரானும் நெடுங்காலமாக இலங்கைத் தேயிலையை வாங்கிவரும் நாடுகள். ஈரானிடம் பெற்ற எண்ணெய்க்காக இலங்கை கொடுக்கவேண்டியிருந்த ஏறத்தாழ 25 கோடி டொலரைத் தேயிலையாற் கொடுத்துத் தீர்ப்பதென 2021 இல் உடன்படிக்கை எழுதப்பட்டமை பலரும் அறிந்ததே. அந்நாட்டார் விரும்புவது பெரிதும் தாழ்நாட்டுத் தேயிலையே; ஆயினும் கொழும்பு ஏலத்தில் ஒரு வகைக்கு வரும் தளர்ச்சி மற்றவற்றைத் தொடாது விடுவதில்லை. ஆகவே, அங்கு எழும் போர் நமக்கு அயலார் செய்தியன்று.

இனி, போர் தகும் என்ற கட்சியார் கூறியவற்றை முதலில் நேர்மையோடு எடுத்துரைத்தல் வேண்டும். அவர் எடுத்துக்காட்டியது ஈராக்கு. 1988 மார்ச் 16 ஆம் நாள் ஹலப்ஜா என்னும் ஊரில் நச்சுவாயுக் குண்டுகள் வீசப்பட்டு ஏறத்தாழ 5,000 குர்தியர் மாண்டனர். தன் நாட்டு மக்கள்மேலேயே நஞ்சு தூவிய ஆட்சியை எவ்வாறு நம்புவது என அவர் வினவினர். 1991 ஆம் ஆண்டுப் போருக்குப்பின் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் சோதனையாளர் சென்று பார்த்தபோது, உலகம் அறியாதவாறு ஓர் அணுவாயுத முயற்சி அங்கு நடந்துவந்தமை வெளிப்பட்டது. ஒருமுறை ஒளித்தவன் மறுமுறையும் ஒளிப்பான் அன்றோ என்றனர். ஈற்றில், வள்ளுவர் ‘பகைத்திறந் தெரிதல்’ என்னும் அதிகாரத்தில் முள்மரத்தை உவமை காட்டிக் கூறிய அறிவுரையை எடுத்தோதி, வளருமுன் களைவதே அறிவுடைமை என்று முடித்தபோது மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது.

வலிமையான வாதமே. அதனை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. ஆனால், அக்கைதட்டலுக்கிடையே ஒரு சிறு வினா அமிழ்ந்துபோயிற்று. எதிர்க்கட்சியில் இருந்த, தோட்டத்திலிருந்து நாள்தோறும் நடந்துவரும் ஒரு மாணவன், நாவன்மை சற்றும் இல்லாதவன், எழுந்து, ‘தேடியவர்கள் இன்னும் காலம் கேட்டார்களே, ஏன் கொடுக்கவில்லை?’ என்று மட்டும் கேட்டு அமர்ந்தான். சிலர் நகைத்தனர். அவ்வினாவுக்கு விடையிறுத்தார் எவருமிலர். நம் கருத்தில், அன்று மாலை பேசப்பட்டவற்றுள் அதுவே தலையாயது.

2003 இல் நடந்ததை நினைவு கூர்வோம். 2002 நவம்பர் 8 இல் பாதுகாப்புச் சபை ஒருமனதாய் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, ஹான்ஸ் பிளிக்ஸ் என்னும் சுவீடன் நாட்டவர் தலைமையிற் சோதனையாளர் ஈராக்கினுட் சென்றனர். 400 இற்கு மேற்பட்ட இடங்களில் 700 இற்கு மேற்பட்ட சோதனைகள் செய்தனர். விதித்த எல்லைக்கு அப்பாற் பாயும் ஏவுகணைகளைக் கண்டபோது அவற்றை அழிக்குமாறு பணித்தனர். 2003 மார்ச் முதலாம் நாள் தொடங்கி ஏறத்தாழ 70 ஏவுகணைகள் அவர் கண்முன்னே நொறுக்கப்பட்டன. மார்ச் 7 இல் பிளிக்ஸ் சபைமுன் தோன்றி, எஞ்சிய பணிக்கு ஆண்டுகள் வேண்டா, வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும் என்ற கருத்துப்படக் கூறினார். அம்மாதங்கள் கொடுக்கப்படவில்லை. மார்ச் 18 இல் சோதனையாளர் வெளியேறினர். 20 இல் குண்டுகள் விழத் தொடங்கின.

அக்காலத்தில் நாம் கொட்டகலையில் ஆசிரியப் பயிற்சி மாணவராய் இருந்தோம். விடுதியின் வானொலியைச் சுற்றி நின்று செய்தி கேட்டோம். எம்மவரிற் பலர், ‘ஆயுதம் இல்லாமலா இத்துணைப் பெரிய வல்லரசுகள் படை கொண்டு செல்லும்?’ என்றே பேசினர். நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைத்தல் தகாது. பின்னர் நடந்ததென்ன? அமெரிக்காவே அமைத்த தேடற்குழு, நாடு முழுதும் தன் படையின் கையில் இருந்த காலத்திலே தேடியது. 1991 இற்குப்பின் அவ்வாயுதச் சேமிப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றும், போர் தொடங்கியபோது அவை இருக்கவில்லை என்றும் 2004 இல் அறிக்கை வெளியிட்டது. 2016 ஜூலை 6 இல் வெளிவந்த பிரித்தானிய விசாரணை அறிக்கை, சமாதான வழிகள் அனைத்தும் தீருமுன்னரே படையெடுப்பில் இறங்கினர் எனத் தீர்த்துரைத்தது. அதற்கிடையில் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்கள் மாண்டுபோயினர். அறிக்கை தவற்றை ஒப்புக்கொண்டது, மாண்டவர் மீண்டாரல்லர்.

முள்மரத்தைக் காட்டிய மாணவர்க்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறோம். கொல்லுமுன் அது முள்மரந்தானா என அறிதல் வேண்டாவோ? கவ்வாத்து வெட்டுவோன் கத்தியை ஓங்குமுன் கிளையைப் பார்க்கிறான். களை எடுக்கும் பெண் பிடுங்குமுன் செடியைப் பார்க்கிறாள். அதே வள்ளுவர், அதே பொருட்பாலிலே, ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தமை வீணன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்க வேண்டும் என்பதும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தாலே தெளிய வேண்டும் என்பதும் ஆங்குக் கூறப்பட்ட விதி. இருபது நூற்றாண்டுக்கு முந்திய அரசியல் நூல் எனச் சிலர் புறந்தள்ளும் அந்நூல், 2003 ஆம் ஆண்டில் வல்லரசுகளின் மேசைமீது இருந்திருத்தல் வேண்டும்.

ஏனெனில், அவ்வாண்டு பெப்ரவரி 5 இல் அமெரிக்க இராசாங்கச் செயலாளர் கொலின் பவல் பாதுகாப்புச் சபையில் எடுத்துரைத்த குற்றச்சாட்டுகளுட் பெரிதாய்ப் பேசப்பட்டது, ஊர்திகளில் வைத்து நோய்க்கிருமி ஆயுதம் செய்கின்றனர் என்பது. அது பெரிதும், யேர்மனியில் அடைக்கலம் புகுந்த ஈராக்கியன் ஒருவன் கூற்றையே ஆதாரமாகக் கொண்டது. அவனை வினவியவர் யேர்மானியர். அமெரிக்கர் நேரில் வினவித் தெளிந்தாரல்லர். 2011 இல் அவனே, தான் சொன்னது பொய் என வாய்விட்டு ஒப்புக்கொண்டான். மூவர் சொல் வேண்டும் என்றார் வள்ளுவர். ஒருவன் சொல்லின்மேல் ஒரு நாடு எரிந்தது.

இதனை நாம் ஏட்டறிவாக மட்டும் பேசவில்லை. ஆயுதம் உண்டு என்னும் ஐயம் எத்தன்மைத்து என்பதை மலையகத்தார் அறிவர். எமது சிறுவயதில், நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த காலத்தில், ஒருநாள் விடியுமுன்னரே சீருடையணிந்தோர் எம் லயத்தைச் சுற்றி வளைத்தனர். ஆயுதம் இருக்கிறதெனத் தகவல் கிடைத்ததாம். பிரட்டுக்குப் புறப்பட்டு நின்றோர் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். ஒவ்வொரு காம்பராவாகப் பெட்டிகளைக் கவிழ்த்தும், அடுப்படியைக் கிளறியும் தேடினர். எம் தந்தையாரின் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிப்பிடித்து, ‘இது எதற்கு?’ என்று கேட்டனர். அவர் வாய்திறவாது, எதிரே மலைச்சரிவில் வெட்டுண்டு நின்ற தேயிலையைக் கையாற் சுட்டினார். வேறொன்றும் அகப்படவில்லை. ஆயினும் அடுத்த காம்பராவிலிருந்த இளைஞன் ஒருவன் கொண்டுசெல்லப்பட்டான். பல மாதங்களின் பின் குற்றம் எதுவும் நிறுவப்படாது திரும்பி வந்தான். பழைய சிரிப்பு மட்டும் அவனோடு திரும்பவில்லை. தகவல் கொடுத்தவர் யார் என்பதை இன்றுவரை எவரும் அறியார்.

அவ்விடியலை நினைக்குந்தோறும் எமக்கு இரண்டு எண்ணங்கள் எழும். ஒன்று, அத்தகைய காலத்திலே தேடுதலே கூடாது எனக் கூறமுடியாது. ஆயுதம் உண்மையாகவே பல உயிர்களைக் குடித்த காலம் அது. மற்றொன்று, தேடி ஒன்றும் அகப்படாத பின்னரும் ஐயத்தையே அத்தாட்சியாகக் கொண்டது அநீதி. ஒரு லயத்துக்கு எது நீதியோ, ஒரு நாட்டுக்கும் அதுவே நீதி. ஈராக்கியரும் தம் வீட்டு வாசலில் நின்றவர்களே.

‘அப்படியாயின் கொடியவன் கையில் ஆயுதத்தை விட்டுவிடுவதா?’ என்னும் கேள்வி எழும். எழவேண்டிய கேள்வியே. விடுதல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. தேடிக் கண்டு, கண்டதை அழித்தல் வேண்டும் என்கிறோம். 1991 முதல் 1998 வரை சோதனையாளர் அழித்த ஆயுதம், வளைகுடாப் போரில் விமானங்கள் அழித்ததினும் மிகுதி என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. குண்டின் பயன் எத்தகையது என்பதையும் நோக்குக. 1981 ஜூன் 7 இல் இஸ்ரேலிய விமானங்கள் பாக்தாதுக்கு அருகிலிருந்த அணு உலையைத் தகர்த்தன. பாதுகாப்புச் சபை அதனைக் கண்டித்தது. உலை ஒழிந்தது, ஆசை ஒழிந்ததில்லை. பத்தாண்டின் பின் வெளிப்பட்ட கரவான முயற்சி அதனினும் பெரிது. அடிபட்ட பாம்பு புற்றின் ஆழத்துட் சென்றது போலும்.

இவ்விடத்தில், நம் மலைநாட்டிற் கல்வி பயின்ற ஒருவரை நினைவு கூர்தல் பொருந்தும். கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான ஜயந்த தனபால அவர்கள், அணுவாயுதப் பரவற் தடை உடன்படிக்கையைக் கால எல்லையின்றி நீடித்த 1995 ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1998 முதல் 2003 வரை ஐக்கிய நாடுகள் தாபனத்தில் ஆயுதக் களைவுக்குப் பொறுப்பான உதவிச் செயலாளர் நாயகமாய் விளங்கினார். 1998 இல், ஈராக்கு அதிபரின் மாளிகைகளைச் சோதனையிடவிட மறுத்துப் போர் மூளும் நிலை வந்தபோது, செயலாளர் நாயகம் கோபி அனான் பாக்தாது சென்று உடன்பாடு கண்டார். அதன்படி எட்டு மாளிகை வளவுகளையும் பார்வையிட்ட சிறப்புக் குழுவுக்குத் தலைவராய்ச் சென்றவர் தனபால அவர்களே. பூட்டிய கதவுகள் ஒரு குண்டும் வீழாமல் திறந்தன. இலங்கையர் ஒருவர் அக்கதவுகளுட் சென்றார் என்பது நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

அவ்வுடன்பாடு நெடிது நிலைக்கவில்லை என்பதும் உண்மை. அவ்வாண்டு டிசம்பரிற் சோதனையாளர் வெளியேற, நான்கு நாள் குண்டுவீச்சு நிகழ்ந்தது. அதன்பின் 2002 நவம்பர் வரை உள்ளே சென்று பார்த்தார் எவருமிலர். அந்நான்கு ஆண்டுகளிலேதான் ஐயம் காடுபோல் வளர்ந்தது. 2025 ஜூன் மாதத்தில் இஸ்ரேலும் அதன்பின் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியபோதும் இக்கதையே திரும்பியது. ஈரான் யுரேனியத்தை நூற்றுக்கு 60 வீதம் வரை செறிவாக்கியிருந்தமை சர்வதேச அணுசக்தி முகவரகமே அறிவித்த செய்தி, அது அஞ்சத்தக்கதே. ஆனால், குண்டு செய்வதற்கான ஒழுங்கமைந்த முயற்சிக்கு அத்தாட்சி காணவில்லை என்றும் அம்முகவரகத்தின் தலைவர் கூறினார். தாக்குதலின் பின் ஈரான் முகவரகத்தோடு ஒத்துழைத்தலை இடைநிறுத்தியது. ஆயுதத்தைத் தேடுவதாய் எழுந்த குண்டு, முதலிற் குருடாக்கியது பார்த்துக்கொண்டிருந்த கண்களை.

மற்றுமொன்று. மறைத்து வைத்திருப்பதாக ஐயுறப்படுவோனையே நாம் விவாதிக்கிறோம். வெளிப்படையாக வைத்திருப்போரை மறந்துவிடுகிறோம். இன்று ஒன்பது நாடுகளிடம் பன்னீராயிரம் அளவான அணுவாயுதங்கள் உள்ளன. இலங்கையின் வடக்கே இரு அயல்நாடுகள் 1998 மே மாதத்திலே ஒன்றன்பின் ஒன்றாய் அணுகுண்டைச் சோதித்தன. அவ்வாயுதங்கள் யார் கையில் இருப்பினும் கொடியனவே. 1996 ஜூலை 8 இற் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றித் தன் கருத்தை வழங்கியபோது, மிக நெருக்கடியான தற்காப்பு நிலையில் அதனைப் பயன்படுத்தல் முறையோ அன்றோ எனத் தெளிவாய்க் கூறாது விட்டது. எந்நிலையிலும் முறையன்று என மாறுபட்டு எழுதினார் இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி. அவர் தம் உரையில் நம் இதிகாசங்களை எடுத்துக்காட்டினார். பகைவர் குலம் முழுவதையும் அழிக்கவல்ல படைக்கலத்தை இலக்குவன் ஏவ விரும்பியபோது, போர்செய்யாதாரையும் அது கொல்லும் என இராமன் தடுத்தமையையும், அருச்சுனன் பாசுபதத்தை ஏவாது அடக்கியமையையும் உலக நீதிமன்றத்து ஏட்டிற் பொறித்தார். நம் மாணவர் மேடையில் இதிகாசங் கூறும்போது இப்பகுதியையும் கூறுவாராக.

நம் நாடு சிறிது. ஆயினும், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டுமென முன்னின்று உழைத்து, 1971 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் பிரகடனத்தைப் பெற்றது. அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் 2023 இற் சேர்ந்தது. சிறியோர் சொல்லுக்கு வலியில்லை என்பார்க்கு, அன்று மன்றத்தில் அச்சிறுவன் கேட்ட கேள்வியே விடை. வலியில்லாச் சொல்லாயின் அதற்கு விடை கூறாது நகைத்திருக்க வேண்டியதில்லை.

விவாத மன்றத்தின் முதல் விதி, முன்மொழிவோனே நிறுவக் கடமைப்பட்டவன் என்பது. போரை முன்மொழிவோர்க்கு அவ்விதி பன்மடங்கு பொருந்தும். ஆகவே நம் மாணவர், நாளை எந்நாட்டின் தலைவன் எந்நாட்டின்மீது போர் வேண்டும் எனக் கூறினும், நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுக. ஆயுதத்தைக் கண்டவர் யார்? அவரை அறியாத வேறு யார் அதனைக் கண்டார்? தேடுவோர் இன்னும் காலம் கேட்கின்றனரா? தவறாயின் மாளப்போவோர் யார்? இந்நான்கிற்கும் நேரான விடை வருமுன் கையுயர்த்தாதிருப்பாராக.

மன்றச் செயலாளர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் இதே பொருளை மீண்டும் எடுத்துக்கொள்க. தலைமை தாங்க வேறோர் ஆசிரியரை அழைத்துக்கொள்க. எமக்கு எதிர்க்கட்சி வாங்கில், அக்கேள்வி கேட்ட மாணவனுக்கு அருகே, ஓரிடம் தந்தாற் போதும்.